கோராவும் கட்டுரை முன்னுரையும்

நூலுக்கு முன்னே வைக்கப்படும் உரையைப் பாயிரம் என்றனர் நம் முன்னோர். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், எத்துணை விரிந்த நூலாயினும் பாயிரம் இல்லையேல் அதனை நூலென்று ஒப்புவதில்லை. சிறப்புப் பாயிரத்துள் அடங்க வேண்டிய செய்திகள் எட்டு என்று அவர் வகுத்தார். ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. இவற்றோடு காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிச் சொல்வாரும் உண்டு என்று போகிற போக்கில் குறித்துவிட்டு மேலே செல்கிறார். நாவலில் வரும் ஒரு மாந்தரைப் பற்றி, அதிலும் கதைப்போக்கில் மனம் மாறுகின்ற ஒரு மாந்தரைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுவோர்க்கு, அந்த எட்டைக் காட்டிலும் பிறர் கூட்டிய இந்த மூன்றே பெரிதும் துணை செய்யும். அதனை ஒரு நாவலைக் கொண்டு விளக்குவதே இப் பேச்சின் நோக்கம்.

நேயர்களிற் பலர் தமிழ்நாட்டுக்கு அப்பால் வாழ்கின்றவர்கள். மாதுங்காவிலும் கரோல் பாக்கிலும் கல்கத்தாவின் ஏரிக்கரைப் பகுதியிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள், வீட்டில் ஒரு மொழியும் வீதியில் ஒரு மொழியும் பள்ளியில் மற்றொரு மொழியுமாகப் படிக்கின்றனர். மராத்தி, வங்காளி, இந்தி நாவல்கள் அவர்களுடைய பாடத்தில் வருகின்றன. "இந் நாவலில் மாற்றம் அடையும் ஒரு பாத்திரத்தைப் பற்றிக் கட்டுரை வரைக" என்பது தேர்வுத் தாள்கள் சலியாமற் கேட்கும் வினா. அதற்கு அவர்கள் எழுதும் முன்னுரையைப் பாருங்கள். ஆசிரியர் பிறந்த ஊர், பிறந்த ஆண்டு, பெற்ற பரிசு, "உலக இலக்கியங்களுள் தலைசிறந்தது" என்றொரு புகழுரை, "இப் பாத்திரத்தைப் பற்றி இக் கட்டுரையிற் காண்போம்" என்றொரு முடிப்பு. பெயரை மாற்றினால் எந்த நாவலுக்கும் எந்தப் பாத்திரத்துக்கும் இது பொருந்தும். எதற்கும் பொருந்துவது எதற்கும் உரியதன்று. மேலும், பிறமொழி நாவலை அயலார் உடைமையாகக் கருதி, துணைநூல் சொன்னதைத் திருப்பிச் சொல்லி ஒதுங்கும் பழக்கம் இத்தகைய முன்னுரையிலிருந்தே தொடங்குகிறது. தான் வாழும் நாட்டின் நூலைத் தன் அறிவால் அளந்து பார்க்கும் உரிமையைப் பிள்ளை அங்கேயே கைவிட்டுவிடுகிறது.

மாறும் பாத்திரம் என்பது மேனாட்டு நாவலோடு நமக்கு வந்த புதுமை என்று சிலர் எழுதுவதுண்டு. இது பாதி உண்மையே. புகார் நகரில் கணவனைப் பிரிந்து அடங்கியிருந்த கண்ணகிக்கும், மதுரையில் அரசவை புகுந்து நீதி கேட்ட கண்ணகிக்கும் இடையில் உள்ள தொலைவு சிறிதன்று. மணிமேகலையும் தான் பிறந்த குலத்தார் வகுத்த வழியை விட்டு வேறு வழி சென்றவளே. மாற்றம் பழையது, மாற்றத்தைக் காட்டும் முறையே புதியது. காப்பியத்தில் ஒரு பேரிடி விழுகிறது, மாந்தர் உருமாறுகின்றனர். நாவலிலோ நாள்தோறும் நிகழும் சிறு சிறு செயல்களால், ஒருவர் தாமே அறியாமல் மாறுகின்றார். இ. எம். பாஸ்டர் என்னும் ஆங்கில நாவலாசிரியர் 1927இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய சொற்பொழிவுகளில் நாவல் மாந்தரைத் தட்டையானவர், முழு உருவம் உடையவர் என இரு வகைப்படுத்தினார். நாம் நம்பத்தக்க வகையில் நம்மை வியப்பில் ஆழ்த்த வல்லவரே முழு உருவினர் என்பது அவர் வைத்த அளவுகோல். 'நம்பத்தக்க வகையில்' என்னும் அடைமொழியிலேதான் கட்டுரையாளனுக்குரிய வேலை முழுவதும் அடங்கியுள்ளது.

அந்தச் சொற்பொழிவுகளுக்கு முன்பே இந்திய மொழிகள் இந்த வித்தையைப் பழகிவிட்டன. பங்கிம் சந்திரரின் 'துர்கேசநந்தினி' 1865இல் வெளிவந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சேறியது. மலையாளத்தில் சந்து மேனோனின் 'இந்துலேகா' 1889இல் தோன்றியது. இவற்றின் மாந்தர்கள் பெரும்பாலும் தொடக்கத்தில் எத்தகையரோ முடிவிலும் அத்தகையரே. சூழ்நிலை மாறும், அவர்கள் மாறார். மாதப் பத்திரிகைகளில் தொடர்கதை வேரூன்றிய பிறகே மெல்ல மாறும் மாந்தருக்கு இடம் உண்டாயிற்று என்பது என் கருத்து. ஆண்டுக்கணக்கில் வாசகன் ஒருவனோடு பழகுகின்றான் அல்லவா? அங்ஙனம் தொடராக வந்த நாவல்களுள் ஒன்று இரவீந்திரநாத தாகூரின் 'கோரா'. இராமானந்த சட்டர்ஜி ஆசிரியராக இருந்த 'பிரவாசி' என்னும் வங்காள மாத இதழில் 1907ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் அது வெளிவந்தது, 1910இல் நூலாயிற்று.

கதையை அறியாதவர்க்காகச் சுருங்கச் சொல்லுகிறேன். கௌரமோகன் என்பது கோராவின் முழுப் பெயர். நெடிய உருவமும் வெண்ணிற மேனியும் இடிபோன்ற குரலும் உடைய இளைஞன். கல்கத்தாவில் கிருஷ்ணதயாள் என்னும் அந்தணரின் மகனாக வளர்ந்தவன். சாதி ஒழுக்கத்தையும் ஆசாரத்தையும் எள்ளளவும் பிசகாமற் காப்பதே நாட்டுத் தொண்டு என நம்புகிறவன். அவனுடைய உயிர்த்தோழன் வினயன், பிரம்ம சமாஜத்தைச் சார்ந்த பரேஷ் பாபுவின் குடும்பத்தோடு பழகத் தொடங்குகிறான். அக் குடும்பத்தில் வளரும் சுசரிதாவிடம் கோராவின் உள்ளமும், லலிதாவிடம் வினயனின் உள்ளமும் செல்கின்றன. கோராவோ உண்மையில் அந்தணனும் அல்லன், இந்தியனும் அல்லன். 1857ஆம் ஆண்டுக் கலகத்தில் தந்தையை இழந்து, இட்டாவாவில் இருந்த கிருஷ்ணதயாளின் வீட்டில் அடைக்கலம் புகுந்து, மகவை ஈன்று இறந்த ஓர் ஐரிஷ் மாதின் மகன். இதைக் கிருஷ்ணதயாளும் அவர் மனைவி ஆனந்தமயியும் அறிவர், கோரா அறியான். நாவலின் இறுதியில் அறிகிறான்.

இனிக் காலத்தைப் பார்ப்போம். இந்த நாவலுக்கு இரண்டு காலங்கள் உண்டு. மாணவர் பலர் ஒன்றை மட்டுமே குறிப்பிடுகின்றனர். முதலாவது, கதை நிகழும் காலம். கோரா 1857இல் பிறந்தவன், கதை தொடங்கும்போது கல்லூரிப் படிப்பை முடித்த இளைஞன் என்றால், 1880ஐ ஒட்டிய ஆண்டுகள் என்று நாமே கணக்கிடலாம். அது பிரம்ம சமாஜம் கொந்தளித்த காலம். கேசவ சந்திர சேனர் 1866இல் பழைய சமாஜத்தினின்று பிரிந்தார். தம் மகளை இளவயதிலேயே கூச்பிகார் மன்னருக்கு மணம் செய்வித்ததால் எழுந்த பூசலில், 1878இல் அவரிடமிருந்தும் ஒரு கூட்டம் பிரிந்து சாதாரண பிரம்ம சமாஜம் என்று தனித்து நின்றது. 1872ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டப்படி பதிவுத் திருமணம் செய்துகொள்வோர், தாம் இந்து சமயத்தையோ பிற குறிப்பிட்ட சமயங்களையோ சார்ந்தவர் அல்லர் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 'நான் இந்து அல்லேன்' என்று கையொப்பமிடலாமா கூடாதா என்பது அன்றைய வங்காளத்து வீடுகளில் தந்தையையும் மகனையும் பிரித்த கேள்வி. கோராவின் வாதங்கள் நமக்கு இன்று மிகையாகத் தோன்றினால், இந்தக் கேள்வியின் சூட்டை நாம் உணரவில்லை என்பதே பொருள்.

இரண்டாவது, கதை எழுதப்பட்ட காலம். 1905 அக்டோபர் 16ஆம் நாள் கர்சன் பிரபுவின் ஆட்சியில் வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அன்று கல்கத்தா வீதிகளில் ஒருவர் கையில் ஒருவர் காப்புக் கயிறு கட்டிய இயக்கத்தில் தாகூர் முன்னின்றார். சுதேசிப் பாடல்கள் புனைந்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் அவ்வியக்கத்தினின்று ஒதுங்கியும் நின்றார். 1907இல் கிழக்கு வங்காளத்தில் கோமில்லாவிலும் ஜமால்பூரிலும் இந்து முஸ்லிம் கலவரங்கள் மூண்டன. அதற்கு முன்னமேயே, 1890களில், ஷிலைதஹாவில் தம் குடும்பத்து நிலங்களை மேற்பார்வை செய்தபோது, பெரும்பாலோர் முஸ்லிம்களாக இருந்த குடியானவரின் வாழ்வை அவர் அருகிருந்து கண்டிருந்தார். அந்நியத் துணியை எரிப்பதால் ஏழைக் குடியானவனுக்கு நேரும் இழப்பை நகரத்து இளைஞர் எண்ணிப் பார்த்ததில்லை என்பது அவர் மனத்தை உறுத்தியது. தொடர் வெளிவந்த காலத்திலேயே 1907 டிசம்பரில் சூரத்தில் காங்கிரஸ் பிளந்தது. 1908 ஏப்ரலில் முசாபர்பூரில் குண்டு வெடித்தது. ஆகஸ்டில் குதிராம் போஸ் தூக்கிலிடப்பட்டார். அதே 1908ஆம் ஆண்டு ஜூலையில் வ. உ. சிதம்பரம் பிள்ளைக்குத் திருநெல்வேலியில் கொடுந்தண்டனை விதிக்கப்பட்டது. 1880இன் கதையை வாசித்த வாசகர் 1908இல் இருந்தனர். ஆசார சீலனான கோராவின் தேசபக்தியில் அவர்கள் தம் காலத்து இளைஞரின் தேசபக்தியையே கண்டிருப்பர். 'நாட்டை நேசிப்பது என்றால் அதன் மக்களுள் யாரை நேசிப்பது?' என்ற கேள்வியைத் தாகூர் 25 ஆண்டுகள் பின்னே தள்ளி வைத்துக் கேட்டார். முன்னுரையில் இந்த இரு காலங்களையும் ஒரு வாக்கியத்தில் இணைத்துவிட்டால், கோராவின் மாற்றம் ஒரு தனி மனிதனின் வரலாறாக மட்டும் நில்லாது.

காலத்தைச் சொல்லும்போது ஆசிரியரின் வாழ்க்கையை எவ்வளவு சொல்லலாம்? தொடர் வந்துகொண்டிருந்த 1907 நவம்பரில் தாகூரின் இளைய மகன் சமீந்திரநாதன் முங்கேரில் வாந்திபேதியால் இறந்தான். உருக்கமான செய்திதான். எனினும் கோராவின் மாற்றத்தை விளக்க அது உதவுவதில்லை. ஆகையால் முன்னுரையில் அதற்கு இடமில்லை. நோபல் பரிசு 1913இல் வந்தது. கோரா அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே நூலாகிவிட்டது. பரிசின் பெயரால் தொடங்கும் முன்னுரை, விருந்தினர் வருமுன் அவர் அணிந்த மாலையைப் பற்றிப் பேசுவதாகும்.

களத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. கல்கத்தா ஒன்று, கோரா கால்நடையாகச் செல்லும் வங்காளக் கிராமங்கள் மற்றொன்று. நகரத்தில் அவன் பேசுகிறான், கிராமத்தில் பார்க்கிறான். இவ்வளவு போதும்.

காரணம் என்பதே கடினமானது. கோராவை மாற்றியது எது? விரைந்து விடை சொல்வோர், பிறப்பின் இரகசியம் வெளிப்பட்டது, அதனால் மாறினான் என்பர். துணைநூல்கள் பெரும்பாலும் இதையே சொல்லுகின்றன. ஆனால் தாகூர் கதையை அமைத்திருக்கும் முறை இதற்கு இடந்தரவில்லை. அந்த இரகசியத்தை அவர் இறுதிவரை ஒளித்து வைக்கவில்லை. நாவலின் முற்பகுதியிலேயே கிருஷ்ணதயாளும் ஆனந்தமயியும் பேசிக்கொள்ளும்போது வாசகர் அதை அறிந்துகொள்கிறோம். இறுதியில் வியப்படைபவன் கோரா, நாம் அல்லோம். ஆசிரியர் திடுக்கிட வைக்க விரும்பியிருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டார். கோரா ஆசாரத்தைப் பற்றி முழங்கும் ஒவ்வொரு முறையும், 'இவன் யாருடைய மகன்' என்பதை நாம் நினைவிற்கொண்டு கேட்கவேண்டும் என்பதே அவர் கருத்து. ஆகவே பிறப்பின் செய்தியை முன்னுரையில் வெளியிடலாகாது என்று அஞ்சுவதும் வேண்டா. ஆசிரியரே மறைக்காததைக் கட்டுரையாளன் ஏன் மறைக்கவேண்டும்?

வேறொன்றையும் மாணவர் கவனிப்பதில்லை. கதை தொடங்கும் முன்பே கோரா ஒரு முறை மாறியிருக்கிறான். இளமையில் கேசவ சந்திரரின் சொற்பொழிவுகளில் ஈடுபட்டுப் பிரம்ம சமாஜத்தின்பால் சாய்ந்தவன் அவன். ஆங்கிலப் பாதிரியார் ஒருவர் பத்திரிகையில் இந்து சாத்திரங்களைப் பழித்து எழுத, அதற்கு மறுப்பெழுதப் புகுந்து, அந்த வாதத்தின் வேகத்திலேயே வைதிக ஆசாரத்தைத் தன் கொடியாக ஏந்திக்கொண்டான். அவனுடைய ஆசாரம் பாட்டன் வழி வந்த அமைதியான பழக்கம் அன்று. இகழ்ச்சிக்கு எதிராக எழுந்த சினம். ஆகவே, 'வைதிகனாக இருந்த கோரா மாறினான்' என்று தொடங்கினால் தொடக்கமே பிழையாகும். 'ஒரு முறை மாறி, அந்த மாற்றத்தையே கோட்டையாக்கிக் கொண்டவன் மறுமுறை எவ்வாறு மாறினான்' என்பதே உண்மையான கேள்வி.

இதற்கு விடை தேடுவோர், கதையில் தண்ணீர் வரும் இடங்களை வரிசையாக எண்ணிப் பார்க்கலாம். நான் இந்த நாவலைப் படிக்குந்தோறும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அதுவே. ஆனந்தமயியின் வீட்டில் லச்மியா என்றொரு பணிப்பெண் இருக்கிறாள், கிறிஸ்தவள். கோரா குழந்தையாக இருந்தபோது அம்மை கண்ட வேளையில் அவனைப் பேணிக் காத்தவள் அவளே. அவள் கைத்தண்ணீர் புழங்குவதால் தாயின் அறையில் உண்ணலாகாது என்கிறான் கோரா. தான் உண்ணாததோடு வினயனையும் தடுக்கிறான். பெற்ற தாயாக அவன் கருதுகிறவளின் அறையிலேயே வரம்பு கட்டுகிறான். இதுவே தொடக்கம்.

பின்னர்க் கிராம யாத்திரை. அவுரிப் பண்ணைக்காரரின் கொடுமையாலும் போலீசாரின் கெடுபிடியாலும் அலைக்கழிந்த கோஷ்பூர் என்னும் முஸ்லிம் சிற்றூருக்குக் கோரா வருகிறான். 1859, 1860ஆம் ஆண்டுகளில் வங்காளத்தைக் குலுக்கிய அவுரிக் கலகத்தின் நினைவு இங்கே நிழலாடுகிறது. தீனபந்து மித்திரர் 1860இல் 'நீல தர்ப்பணம்' எழுதியது அக் கொடுமையைப் பற்றித்தான். அவ்வூரில் இந்துவாக உள்ளது ஒரு நாவிதன் குடும்பமே. சிறைப்பட்ட முஸ்லிம் குடியானவன் ஒருவனின் மகனைத் தம் பிள்ளைபோல அவர்கள் வளர்க்கின்றனர். இதனைக் கண்டு கோரா அவ் வீட்டில் தண்ணீரும் அருந்தாமல், தாகத்தோடு, தொலைவில் இருக்கும் பண்ணை அதிகாரியான அந்தணர் வீட்டை நோக்கி நடக்கிறான். அங்கே சென்று கண்டபின் அவனால் பொறுக்க முடியவில்லை. குடியானவரை நசுக்கும் ஒருவன் வீட்டில் உண்டால் சாதி நிற்கும், அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியவன் வீட்டில் உண்டால் சாதி போகும் என்பது என்ன நியாயம்? கடும் வெயிலில் திரும்பி நடந்து நாவிதன் வீட்டுக்கே வருகிறான். ஆனால் இங்கே நுட்பமான ஒன்றைக் காணவேண்டும். நாவிதனின் செம்பைத் தானே நன்றாகத் தேய்த்துத் துலக்கி, தானே கிணற்றில் நீர் இறைத்துக் குடிக்கிறான். அரிசி பருப்பு வாங்கித் தானே சமைத்துக்கொள்ளவும் எண்ணுகிறான். மனம் வரம்பைக் கடந்துவிட்டது. கை இன்னும் கடக்கவில்லை. ஒரு மனிதன் பாதி வழியில் நிற்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

மூன்றாவது தண்ணீர், குளத்தில் உள்ளது. பந்தாட வந்த மாணவர்களுள் ஒருவனுக்குக் காலில் அடிபட, தோழர்கள் குடிநீர்க் குளத்தில் துணியை நனைத்துக் கட்ட முயல்கின்றனர். போலீசார் அவர்களை அடிக்கின்றனர். கோரா இடையிற் புகுந்து எதிர்த்து நிற்கிறான். வக்கீல் வேண்டாம் என மறுத்து ஒரு மாதச் சிறைத்தண்டனை ஏற்கிறான்.

இங்கேதான் கட்டுரையாளனின் நேர்மைக்குச் சோதனை. கிராமமும் சிறையும் கோராவை மாற்றின என்று எழுதிவிட்டால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். ஆனால் சிறையிலிருந்து வெளிவந்த கோரா முன்னிலும் கடுமையான ஆசாரசீலனாகிறான்! சிறையில் தீட்டு நேர்ந்தது என்று பிராயச்சித்தச் சடங்குக்கு ஏற்பாடு செய்கிறான். சுசரிதாவின்பால் சென்ற உள்ளத்தையும் அடக்க முயல்கிறான். கண்ணால் கண்டது ஒன்று, கொள்கை சொல்லுவது மற்றொன்று. இரண்டுக்கும் இடையே இடைவெளி அகல அகல, அவன் கொள்கையை இன்னும் இறுகப் பற்றுகிறான். நம்மிற் பலரும் அவ்வாறு செய்வதுண்டு. தச்சன் மகன் நந்தன், காலில் உளி பட்டுக் கண்ட இழுப்பு நோயால் இறந்தபோதும், பேயென்று எண்ணி மந்திரவாதியை அழைத்த மூடநம்பிக்கையைக் கண்டு கோரா துடித்தான். ஆயினும் தன் வாதத்தை விடவில்லை. ஆகவே கோராவின் வழி நேர்க்கோடன்று. முன்னே இரண்டடி, பின்னே ஓரடி. சில வேளை பின்னே மூன்றடி. இதனை மறைத்து எழுதும் முன்னுரை கோராவைப் பற்றியதாகாது, கோராவின் பெயரால் எழுதிய நீதிக்கதையாகும்.

பிராயச்சித்தம் நிகழவேண்டிய வேளையில் கிருஷ்ணதயாள் நோயுற்று, இறப்பு நெருங்கியதென அஞ்சி, உண்மையைச் சொல்லுகிறார். கோராவின் சாதியும் குலமும் தந்தையும் தாயும் ஒரு நொடியில் மறைகின்றன. அவன் அழியவில்லை, விடுதலை பெற்றவன்போல் பரேஷ் பாபுவிடம் செல்கிறான், எல்லாச் சமயத்தார்க்கும் உரிய இறைவனின் வழியைக் கற்பிக்குமாறு வேண்டுகிறான். ஏன் அழியவில்லை? பிறப்புச் செய்தி பறித்தது எதையோ அதனை அவன் கண்கள் முன்னரே துறந்துவிட்டன. கிராமங்களில் கண்டவை அவனைத் தயார் செய்திருந்தன. அச் செய்தி கதவைத் திறந்துவிட்டது. கோஷ்பூரைக் காணாத கோராவிடம் இச் செய்தியைச் சொல்லியிருந்தால் அவன் இடிந்து போயிருப்பான் என்றே தோன்றுகிறது. அன்று மாலை அவன் ஆனந்தமயியிடம் திரும்பி, லச்மியாவை அழைத்துத் தனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுமாறு கேட்கிறான். முதலில் மறுத்த அதே தண்ணீர்.

இவ்வளவும் மனத்திற் கொண்டபின் எழுதும் முன்னுரை எத்தகையதாக இருக்கும்? ஒரு மாதிரியைத் தருகிறேன்.

"தன் பிறப்பை அறியாத ஐரிஷ் மகன் ஒருவன், வங்காள அந்தணர் இல்லத்தில் வளர்ந்து, சாதி ஒழுக்கத்தின் காவலனாக நிற்கும் நிலையில் 'கோரா' நாவல் தொடங்குகிறது. 1880ஐ ஒட்டிய கல்கத்தாவின் சமயப் பூசலே கதையின் களம். எனினும் வங்கப் பிரிவினைக்குப் பின் 1907இல் தாகூர் இதனை எழுதத் தொடங்கியதால், நாட்டுப்பற்று யாரை உள்ளடக்கும், யாரை விலக்கும் என்ற அக்காலக் கேள்வியும் இதில் கலந்துள்ளது. பிறப்பின் உண்மை வெளிப்பட்டதே கோராவை மாற்றியது எனப் பொதுவாகக் கருதுவர். அவனை மாற்றியவை கிராமங்களில் அவன் கண்ட காட்சிகளே என்பதும், அக் காட்சிகளை ஏற்க அவன் மனம் நெடுங்காலம் மறுத்தது என்பதும், பிறப்பின் செய்தி அந்த மறுப்பை மட்டுமே அகற்றியது என்பதும் என் கருத்து. யாருடைய கைத்தண்ணீரை அவன் மறுக்கிறான், யாரிடம் கேட்டு வாங்குகிறான் என்பதைத் தொடர்ந்து பார்த்து இதனை நிறுவ முயல்வேன்."

நான்கே கருத்துகள். தொடக்க நிலை, இரு காலங்கள், பிறர் கூறும் காரணமும் அதனின் வேறுபட்ட என் காரணமும், அதைக் காட்டும் வழி. புகழுரை இல்லை. கதைச் சுருக்கமும் இல்லை. 'என் கருத்து' என்னும் சொல் மாணவர்க்குச் சற்று அச்சம் தரலாம். ஆசிரியர் ஒப்பாவிட்டால் என் செய்வது என்று கேட்பர். ஒப்பாத ஆசிரியர் மறுத்து வாதிடுவதற்கும் ஒரு கருத்து அங்கே இருக்கவேண்டும் அல்லவா? கோராவை மாற்றியது சுசரிதாவின்பால் கொண்ட அன்பே என்று மற்றொரு பிள்ளை எழுதலாம். அதற்கும் நாவலில் சான்று உண்டு. ஆசாரத்தைப் பேசிய கோரா, பெண்களையும் நாட்டின் பகுதியாக எண்ணத் தொடங்குவது அவளைக் கண்ட பின்னரே. அப் பிள்ளையின் முன்னுரையில் தண்ணீருக்குப் பதிலாக அவர்களிடையே நிகழும் உரையாடல்கள் இடம்பெறும். இரண்டும் நல்ல கட்டுரைகளே.

இதே முறையை வேறு நாவல்களிலும் செலுத்திப் பார்க்கலாம். வத்தலக்குண்டு இராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 'விவேக சிந்தாமணி'யில் 1893 முதல் 1895 வரை தொடராக வந்தது. சிறுகுளம் முத்துஸ்வாமி ஐயர் செல்வாக்குள்ள குடும்பத் தலைவராகத் தொடங்கி, மகனை இழந்து, பொருளை இழந்து, மனைவியைப் பற்றிய அபவாதம் கேட்டு மனமுடைந்து, இறுதியில் குருவின் அருளால் அமைதி அடைகிறார். இங்கே காலம் என்பதை எழுதும்போது, ஆசிரியர் அப்போது இருபதைச் சற்றே கடந்த இளைஞர், வேதாந்தத்தில் தோய்ந்தவர், 1896இல் 'பிரபுத்த பாரதம்' பத்திரிகைக்கு ஆசிரியரானவர், 26ஆம் வயதில் 1898இல் மறைந்தவர் என்ற செய்திகள் பொருந்தி வருகின்றன. ஏனெனில் முத்துஸ்வாமி ஐயரின் மாற்றம் அந்தத் தேடலோடு தொடர்புடையது. தாகூருக்கு விலக்கிய வாழ்க்கைக் குறிப்பை இங்கே சேர்த்துக்கொள்கிறோம். காரணத்தோடு தொடர்புடையதா என்பது ஒன்றே அளவுகோல்.

பிரேம்சந்தின் 'சேவாசதனம்' இந்தியில் 1919இல் வெளிவந்தது. மணமான பெண்ணான சுமன், கணவன் வீட்டினின்று வெளியேற்றப்பட்டுக் காசியில் கணிகையர் தெருவை அடைந்து, பின்னர் கணிகையரின் பெண்மக்களை வளர்க்கும் இல்லத்தில் பணி செய்கிறாள். 1938இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி நடித்துத் தமிழ்ப் படமாகவும் வந்தது. வடநாட்டுத் தமிழர் வீடுகளில் முதியோர் பேசிக் கேட்டிருக்கலாம். இங்கே மாணவர் கேட்க வேண்டியது, சுமன் மாறினாளா, அவளுடைய நிலை மட்டும் மாறிற்றா என்பது. இரண்டும் ஒன்றல்ல. அதே பிரேம்சந்தின் 'கோதானம்' 1936இல் வந்தது. அதன் உழவன் ஹோரி, கடன்மேல் கடன்பட்டுச் சாகும்வரை தன் குணத்தில் மாறுவதில்லை. அவனை மாறும் பாத்திரம் என்று எழுதினால், எத்துணை அழகிய முன்னுரையும் பயன்படாது. மாறாத ஹோரியின் பக்கத்தில் மாறும் மகன் கோபர் நிற்கிறான். நகரத்துக்கு ஓடி, தொழிலாளியாகி, வேறு மொழி பேசித் திரும்புகிறான். வினாத்தாளைப் படித்தவுடன் நாவலின் தலைமை மாந்தரையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முன்னுரை ஒரு பக்கத்தில் முக்காற் பங்கைத் தாண்டாதிருப்பது நன்று. அதனை முதலிலேயே எழுதி முடிக்கவேண்டும் என்பதும் இல்லை. உடற்பகுதியை எழுதிய பின் திரும்பி வந்து திருத்துவோர் பலர். எழுதி முடித்ததும், நாவலின் பெயரையும் மாந்தர் பெயரையும் கைவிரலால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். மறைத்த பின்னும் இது எந்த நாவலைப் பற்றியது என்று தெரிந்தால் முன்னுரை அமைந்துவிட்டது. அதன்பின் கட்டுரையின் முதற்பத்தியைத் தொடங்கலாம். கோராவைப் பொறுத்தவரை அது ஆனந்தமயியின் அறை வாயிலில், உள்ளே உண்ணப் புகும் வினயனைக் கோரா தடுத்து நிறுத்தும் இடம்.